டாஸு மலைச்சிற்பங்களைப் பார்த்து வீட்டில் ஒரு சுவர் அமைப்பது எப்படி

சீனத்து மலைச்சிற்பம் போல வீட்டில் ஒரு சுவர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். ஒரு புத்தர் தலை, ரெசினில் செய்த தாமரை, பின்னால் ஒட்ட ஒரு பளபளப்பான கல் ஷீட். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் படத்தில் கண்டது வரவில்லை, ஏன் வரவில்லை என்றும் புரிவதில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு சிற்பங்களின் படங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்து, கையால் இரண்டு பலகைகள் செய்து, அதில் ஒன்று வீணாகிப் போய், கற்றுக்கொண்டதை முதல்முறை செய்கிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அந்த மலையில் வேலை செய்தவர்கள் பாறை எந்தப் பக்கம் வளைகிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, மழைத்தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது என்று பார்த்துவிட்டு அதற்கு ஏற்ற மாதிரி உருவத்தைக் கண்டெடுத்தார்கள். வீட்டுக்கு எடுத்து வர வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். உங்கள் வீட்டுச் சுவரும் ஒரு பாறைதான், அதற்கும் வளைவு உண்டு, வெளிச்சம் உண்டு, ஈரமும் உண்டு.

முதல் வேலை: இடத்தைத் தெரிந்துகொள்வது

சீனாவில் குடைவரைகளுக்குப் பஞ்சமில்லை. யுன்காங், லாங்மென், மைஜிஷான், லெஷானில் 71 மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் புத்தர் என்று பெரிய பட்டியலே உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் கலக்க வேண்டாம், ஒரே இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது டாஸு. தென்மேற்குச் சீனாவில் சோங்சிங் மாநகராட்சிக்குள் இருக்கிறது. அங்கே மிகப் பழைய சிற்பங்கள் கி.பி. 650 வாக்கில் செதுக்கப்பட்டவை. 892இல் வெய் ஜுன்ஜிங் என்ற படைத்தலைவர் பெய்ஷான் என்ற வடமலையில் பெரிய அளவில் வேலையைத் தொடங்கினார். அதற்கப்புறம் 12, 13ஆம் நூற்றாண்டுகளில், சோங் வம்சக் காலத்தில், ஜாவ் ஜிஃபெங் என்ற துறவி பாவோடிங்ஷான் மலையில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட ஒரு வேலையை நடத்தினார். மொத்தம் 50,000க்கு மேல் உருவங்கள். 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

வீட்டு அலங்காரத்துக்கு டாஸுவை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் அங்கே சாதாரண மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதுதான். புத்தர், புத்தராகும் வழியில் நிற்கிற போதிசத்துவர், சீனத்துத் தாவோ சமயத் தெய்வங்கள், கன்ஃபூசியஸ் எல்லோரும் உண்டு, அவர்களுக்கு நடுவே மாடு மேய்க்கிறவன், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய், கோழி வளர்க்கிற பெண். வழிபாட்டு உருவத்தைத் தொடாமலேயே அங்கிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

பாவோடிங்ஷானில் 'பெரிய புத்தர் வளைவு' என்று ஒரு பள்ளத்தாக்கு உண்டு. குதிரை லாடம் போல வளைந்திருக்கும், சுற்றி வந்தால் சுமார் 500 மீட்டர். முதலில் அதன் படங்களை மட்டும் பாருங்கள். ஒரு வாரம் வேறு எதையும் பார்க்காதீர்கள். எந்தக் காட்சியில் கண் நிற்கிறதோ அதைக் குறித்து வையுங்கள்.

எதைத் தொடக்கூடாது

இது பல பேருக்கு வழிபாட்டு இடம். இன்றைக்கும் அங்கே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அதனால் சில விஷயங்களைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புத்தர் தலையை மட்டும் தனியாக வாங்காதீர்கள். கழுத்தோடு வெட்டிய தலை எப்படி அலங்காரப் பொருள் ஆனது என்று யோசித்தால் மனசு கனக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியான்லாங்ஷான், லாங்மென் குகைகளில் புகுந்து தலைகளை அறுத்தெடுத்து வெளிநாட்டு வாங்குபவர்களுக்கு விற்றார்கள். அருங்காட்சியகங்களில் பீடத்தின் மேல் தலை மட்டும் நின்றது, அதைப் பார்த்துத்தான் வீடுகளிலும் தலை மட்டும் நிற்கத் தொடங்கியது. தியான்லாங்ஷான் குகைகளில் இன்றைக்கும் தலையில்லாத உடல்கள் உட்கார்ந்திருக்கின்றன.

அப்புறம், முழு உருவம் வைப்பதாக இருந்தால் கண் மட்டத்துக்குக் கீழே வைக்காதீர்கள். செருப்பு விடும் இடம், கழிவறைச் சுவர், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தெரிகிற மாதிரி, இதெல்லாம் வேண்டாம். நம் வீட்டுச் சாமி படத்துக்கு என்ன செய்வோமோ அதையே செய்தால் போதும், தனி விதி தேவையில்லை. குவான்யின் என்று சீனர்கள் கும்பிடுவது அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவரைத்தான். அந்த அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல் சொல்கிறது, அந்த அளவுக்கு நமக்கும் தெரிந்தவர்.

காட்சியைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்களுக்கு நான் சொல்வது மூன்றே காட்சிகள்.

மாடு மேய்க்கும் காட்சி. பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்தில் பாறை எப்படி மேடும் பள்ளமுமாகப் போகிறதோ அப்படியே சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு மாடும் மேய்ப்பனும் வரிசையாக வருகிறார்கள். முதலில் மாடு திமிறுகிறது, கயிறு விறைத்து நிற்கிறது, மேய்ப்பன் குதிகாலை ஊன்றி இழுக்கிறான். போகப் போகக் கயிறு தளர்கிறது. பிறகு கயிறே இல்லை, மாடு தன்பாட்டுக்கு இருக்கிறது. கடைசியில் மாடும் இல்லை, நிலா மட்டும். மனதை அடக்குவதைச் சொல்கிற ஜென் பௌத்தக் காட்சி இது. வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. மாடு, மரம், பாறை என்று எல்லாமே கை பழகாதவர்களுக்கும் வரக்கூடிய வடிவங்கள், மூக்கு ஒரு இழை கோணினாலும் குற்றமில்லை.

இரண்டாவது, கோழிப் பெண். நரகக் காட்சிகளுக்கு நடுவே இருக்கிறாள். குனிந்து கோழிக் கூடையைத் திறக்கிறாள், கையில் தூக்கிப் பிடித்த அந்தக் கூடைக்கு வெளியே இரண்டு கோழிகள், இரண்டுக்கும் நடுவே ஒரு மண்புழு, இந்தப் பக்கம் ஒன்று இழுக்க அந்தப் பக்கம் ஒன்று இழுக்கிறது. கொல்வதற்காக உயிர் வளர்ப்பது பாவம் என்று எச்சரிக்க வைத்த காட்சி. ஆனால் செதுக்கியவர் எங்கேயோ தன் ஊரில் விடிகாலையில் பார்த்த பெண்ணைத்தான் அங்கே வைத்திருக்க வேண்டும், அவள் முகத்தில் பயமே இல்லை, லேசாகச் சிரிக்கிறாள். சமையலறைக்குப் பக்கத்துச் சுவருக்கு இந்தக் காட்சி நன்றாக இருக்கும்.

மூன்றாவது, பெற்றோர் செய்த நன்மைகளைச் சொல்லும் வரிசை. சுமப்பது, பெறுவது, பால் கொடுப்பது, துவைப்பது என்று பத்து. அதில் ஒன்றில் காய்ந்த இடத்தைப் பிள்ளைக்கு விட்டுவிட்டு ஈரத்தில் தான் படுத்துக்கொள்கிறாள் தாய். கருங்கல் சாமிகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு, மலையில் இத்தனை பெரிதாக ஒரு தாயின் ராத்திரி வேலையைச் செதுக்கி வைத்திருப்பது கொஞ்சம் அதிர வைக்கும். படுக்கையறைக்கோ குழந்தைகள் அறைக்கோ இது சரி. ஆனால் மனித உருவம், கை நன்றாகப் பழகிய பிறகு செய்யுங்கள்.

ஒரே ஒரு காட்சி. மூன்றையும் ஒரே சுவரில் திணித்தால் கண்காட்சி மாதிரி ஆகிவிடும்.

சுவரைத் தேர்ந்தெடுப்பது

வீட்டில் எந்தச் சுவர் என்பதை இரவில் முடிவு செய்யுங்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேலிருந்து கீழே நகர்த்துங்கள். சுவரின் மேடு பள்ளம், பழைய பூச்சு விட்ட வெடிப்பு, ஈரம் ஊறிய திட்டு எல்லாம் நிழலாகத் தெரியும். ஈரத் திட்டு இருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். குளியலறைக்கு மறுபக்கம் இருக்கிற சுவரையும் விட்டுவிடுங்கள். என் முதல் பலகையை அப்படி ஒரு சுவரில்தான் மாட்டினேன். பார்ப்பதற்குக் காய்ந்த சுவர், கையை வைத்தால் கூட ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழை முடிவதற்குள் பலகையின் பின்பக்கம் பூஞ்சை பிடித்து, முன்பக்கம் புட்டி கொப்புளம் விட்டு, மாட்டின் ஒரு காலே உதிர்ந்து வந்தது. அந்த மலையின் மணற்கல்லுக்கும் ஈரம்தான் எதிரி. டாஸுவில் ஆயிரங்கை குவான்யினைச் சீரமைக்க 2008 முதல் 2015 வரை ஆனது என்றால், பாறைக்குள் ஊறிய ஈரத்துக்கும் பெயர்ந்து போன தங்க ரேக்குக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

அடுத்தது எடை. இதைப் பலர் கணக்கிடுவதே இல்லை. மணற்கல் ஒரு கன மீட்டர் 2,200 முதல் 2,400 கிலோ வரும். 2 அடி அகலம், 3 அடி உயரம், 2 அங்குலத் தடிமன் என்று ஒரு கல் பலகை செய்யச் சொன்னால் 60 கிலோவைத் தாண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவரில் இரண்டு ஆணி அடித்து மாட்டுகிற எடை இல்லை அது. கல்தான் வேண்டும் என்றால் தரையில் ஒரு பீடம் கட்டி அதன் மேல் நிறுத்தி, மேல் விளிம்பை மட்டும் சுவரோடு ஆங்கர் போல்ட் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள், அதையும் தெரிந்த கொத்தனாரை வைத்துச் செய்யுங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் கல்லை மறந்துவிடலாம். காகிதக் கூழில் செய்த பலகை ஏழெட்டு கிலோவுக்குள் முடிந்துவிடும், வீடு மாறினால் கூடவே வரும்.

உயரத்தில் மாட்டுவதாக இருந்தால் பலகையின் மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கட்டும். பாவோடிங்ஷானில் வைரோசனர் என்ற புத்தரும் இரண்டு போதிசத்துவர்களும் 7 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறார்கள், மூவருமே முன்னால் சாய்ந்து கீழே நிற்கிறவனைப் பார்க்கிறார்கள். நிமிர்ந்து நின்றிருந்தால் கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்குத் தாடை மட்டும்தான் தெரியும். நம் பழைய வீடுகளில் தாத்தா பாட்டி படங்களைச் சட்டம் போட்டு உத்திரத்துக்குக் கீழே சாய்த்து மாட்டியிருப்பார்களே, அதே கணக்குதான். கீழ் விளிம்புக்குப் பின்னால் எதுவும் வேண்டாம், மேல் விளிம்புக்குப் பின்னால் ஒன்றரை அங்குலக் கட்டை ஒன்று வைத்தால் சாய்வு வந்துவிடும்.

பலகை செய்வது

இங்கேதான் நேரம் போகும். மூன்று நான்கு வாரம் ஒதுக்குங்கள், அவசரப்பட்டால் வெடிக்கும்.

12 மில்லிமீட்டர் ஈரம் தாங்கும் ப்ளைவுட்டை 2க்கு 3 அடியாக வெட்டி வாங்குங்கள். முன்னும் பின்னும் நாலு விளிம்பிலும் ப்ரைமர் அடியுங்கள். முன்பக்கம் மட்டும் அடித்தால் பலகை ஒரு பக்கமாக வளைந்துவிடும். காய்ந்ததும் முன்பக்கத்தில் ஃபைபர் வலையை ஸ்டேப்ளர் வைத்து இழுத்து அடித்துவிடுங்கள், கூழ் பிடித்துக்கொள்ள அதுதான் உதவும்.

படத்தைக் கரியால் பலகை மேல் நேராக வரையுங்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டாஸுவில் படுத்திருக்கும் புத்தர் 31 மீட்டர் நீளம், ஆனால் உடம்பு முழுதாக இல்லை. இடுப்புக்குக் கீழே பாறைக்குள் போய்விடுகிறது, ஒரு தோளும் பாறைக்குள். முன்னால் நிற்கிற சீடர்கள்கூட இடுப்புவரைதான் மண்ணிலிருந்து எழுகிறார்கள். பார்க்கிறவன் மனதில் மீதி உடம்பு மலை முழுக்க நீண்டுகொண்டே போகிறது. உங்கள் பலகைக்கும் இதைச் செய்யுங்கள். மாட்டை முழுதாக நடுவில் வைத்துச் சுற்றிலும் காலி விடாதீர்கள். பின்னங்கால்களும் வாலும் பலகைக்கு வெளியே போகட்டும், தலையும் திமிலும் கயிறு பிடித்த கையும் மட்டும் உள்ளே இருக்கட்டும். சின்னப் பலகைதான், ஆனால் மாடு பெரிதாகிவிடும். அறையின் மூலையை ஒட்டி மாட்டினால் இன்னும் நன்றாக இருக்கும், சுவருக்குள்ளிருந்து மாடு வருகிற மாதிரி.

கூழுக்குப் பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போடுங்கள். கூடவே ஒரு பிடி வெந்தயத்தைத் தனியாக ஊற வையுங்கள். முறத்துக்குப் பூசுவதற்குப் பாட்டி காகிதத்தோடு வெந்தயத்தை அரைத்துச் சேர்த்தது பலருக்கு ஞாபகம் இருக்கும், அது பசையாகவும் ஆகும், பூச்சியும் அவ்வளவாக அண்டாது. இரண்டையும் சேர்த்து அரைத்து, துணியில் கட்டித் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, பெவிகாலும் சாக்பீஸ் பொடியும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் சாக்பீஸ் பொடி போதவில்லை, விரிந்து உதிர்ந்தால் பசை போதவில்லை.

மாட்டின் உடம்பு, பாறை மேடு போன்ற பெரிய இடங்களுக்குத் தெர்மக்கோலை வெட்டி ஒட்டி அதன் மேல் கூழ் அப்புங்கள். முழுக்கக் கூழாகவே ஏற்றினால் உள்ளே காயாது, ஒரு மாதம் கழித்து நாறும். ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். நிழலில் காய விடுங்கள், இரண்டு மூன்று நாள் ஆகும். வெயிலில் வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று பிளக்கும். முகம், கொம்பு, கை போன்ற முன்னால் வர வேண்டிய இடங்கள் இரண்டரை அங்குலம் வரை வரலாம். பின்னணிப் பாறை அரை அங்குலத்திலேயே இருக்கட்டும். நடுவில் இரண்டு மூன்று படிகள் வேண்டும். எல்லாம் ஒரே உயரமாக வந்தால் பிஸ்கட் அச்சு மாதிரி இருக்கும்.

முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற எதையும் தனியாகத் தொங்க விடாதீர்கள். அந்த 7 மீட்டர் மூவரில் மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவரின் கையில் ஒரு கல் கோபுரம் இருக்கிறது, அரை டன் இருக்கும் என்கிறார்கள். எண்ணூறு வருடமாக அந்தக் கை உடையவில்லை. முழங்கையிலிருந்து தொங்கும் அங்கியின் மடிப்பைப் பார்த்தால் ரகசியம் தெரியும், துணி மாதிரி தெரிகிற அந்தக் கல் மடிப்பு நேராகக் காலடி வரை இறங்கி எடையைப் பாறைக்குக் கொண்டுபோகிறது. உங்கள் மேய்ப்பனின் நீட்டிய கைக்குக் கீழேயும் சட்டை மடிப்பு ஒன்றோ மரக்கிளை ஒன்றோ பலகையோடு ஒட்டிப் போகட்டும். பிறகு யாராவது தூசி தட்டும்போது கை கழன்று விழாது. கயிறுக்கு நிஜச் சணல் கயிறே போதும், பசையில் தோய்த்து ஒட்டி அதன் மேல் மெல்லிசாகக் கூழ் பூசுங்கள்.

எல்லாம் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு முகத்தையும் மாட்டின் முதுகையும் மட்டும் தேயுங்கள். பின்னணியைத் தேய்க்க வேண்டாம். அதன் மேல் சுவர் புட்டியைப் பசை கலந்து மெல்லிசாகப் பூசி, பாதி காய்ந்திருக்கும்போது பழைய ஹேக்சா பிளேடை ஒரே திசையில் சாய்வாக இழுங்கள். உளி கொத்திய வரி மாதிரி வரும். வழவழப்பும் சொரசொரப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் கல் என்ற எண்ணம் வருகிறது.

நிறம்

கடையில் 'சீனச் சிவப்பு' என்று கொடுப்பதை வாங்கி முழுச் சுவருக்கும் அடிக்காதீர்கள். டாஸுவின் அடிப்படை நிறம் மணற்கல். மங்கிய பழுப்பு, கொஞ்சம் சாம்பல், நிழல் பக்கம் பாசி படிந்த கறுப்பு. அதன் மேல் நீலமும் பச்சையும் சிவப்பும் அங்கங்கே மிச்சம் இருக்கின்றன, மடிப்புகளுக்குள்ளும் மழை படாத இடங்களிலும்.

அதனால் முதலில் பலகை முழுக்க மணல் நிற எமல்ஷன், பளபளப்பு இல்லாதது. காய்ந்ததும் அடர் பழுப்பைத் தண்ணீர் விட்டுக் கரைத்து எல்லா இடத்திலும் ஊற்றின மாதிரி அடித்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் ஈரத்துணியால் மேடுகளை மட்டும் துடையுங்கள். பள்ளங்களில் நிழல் தங்கிவிடும். அப்புறம் நிறங்கள். பச்சையையும் நீலத்தையும் கொஞ்சம் சாம்பல் கலந்து மங்க வைத்து, காய்ந்த பிரஷில் தொட்டு, மேய்ப்பனின் அங்கி மடிப்பிலும் மரத்தின் அடியிலும் மட்டும் தேயுங்கள். சிவப்புக்குக் காவிக்கட்டியைக் குழைத்தாலே போதும். அங்கங்கே விட்டு விட்டு இருக்க வேண்டும், கை தானாக எல்லாவற்றையும் நிரப்பப் பார்க்கும், நிறுத்திக்கொள்ளுங்கள்.

தங்கம் ஒரே ஓர் இடத்தில். ஆயிரங்கை குவான்யின் பாறையில் 88 சதுர மீட்டருக்குக் கைகளாக விரிந்திருக்கிறது, சீரமைத்தவர்கள் எண்ணியபோது 830 கை. அத்தனைக்கும் தங்க ரேக். அது அங்கே கண்ணைப் பறிப்பதற்குக் காரணம் அந்தப் பள்ளத்தாக்கின் மற்றச் சிற்பங்கள் எல்லாம் மங்கிய கல்லாக இருப்பதுதான். உங்கள் பலகையில் நிலாவுக்கு மட்டும் பூசுங்கள், அல்லது மாட்டின் மூக்கணாங்கயிறுக்கு மட்டும். பலகை மாட்டும் சுவருக்கும் அதே மணல் நிறத்தில் ஒரு படி வெளிறியது அடித்தால் பலகையின் விளிம்பு தெரியாமல் சுவரோடு சேர்ந்துவிடும்.

வெளிச்சம்

செலவுக்குப் பணம் குறைவு என்றால் பலகையில் குறையுங்கள், விளக்கில் குறைக்காதீர்கள். சுமாராக வந்த பலகைகூட நல்ல வெளிச்சத்தில் எழுந்து நிற்கும், எத்தனை நன்றாகச் செய்த பலகையும் எதிரே ட்யூப்லைட் போட்டால் படுத்துவிடும்.

பாவோடிங்ஷானில் 'முழு ஞானக் குகை' என்று ஒன்று உண்டு. உள்ளே மூன்று புத்தர்கள், இரு பக்கமும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு போதிசத்துவர்கள், நடுவில் ஒரு போதிசத்துவர் முதுகைக் காட்டி மண்டியிட்டிருக்கிறார். வாசல் சின்னது, உள்ளே இருட்டு. வாசலுக்கு மேலே ஒரு சாளரம் வெட்டியிருக்கிறார்கள், அதன் வழியாக வருகிற வெளிச்சம் சாய்வாக இறங்கி அந்த மண்டியிட்ட உருவத்தின் மேல் விழுகிறது. அறையில் எல்லா இடத்தையும் விட்டு ஒரே இடத்துக்கு ஒரே திசையிலிருந்து வெளிச்சம்.

நான் முதலில் செய்தது இதற்கு நேர்மாறு. பலகைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பாட் லைட் போட்டேன், நன்றாகத் தெரியட்டும் என்று. ஒன்றின் நிழலை மற்றது அழித்துவிட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து ஏற்றிய மேடெல்லாம் அச்சடித்த படம் மாதிரி தட்டையாகிப் போனது. ஒரு நாள் ஒரு விளக்கு எரியாமல் போக, அன்றைக்குத்தான் மாட்டின் கழுத்து மடிப்பை முதல்முறையாகப் பார்த்தேன். மறுநாள் இன்னொன்றையும் கழற்றி மேலே மாற்றினேன்.

ஆக, ஒரே விளக்கு, மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ, சுவருக்கு நெருக்கமாக. கூரையில் சுவரிலிருந்து 8 அங்குலம் முதல் ஓரடிக்குள் வைத்தால் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு இறங்கும். 2,700 முதல் 3,000 கெல்வின் வரை உள்ள மஞ்சள் வெளிச்சம் வாங்குங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருக்கும், 90க்கு மேல் இருந்தால் அந்த மங்கிய பச்சையும் காவியும் உள்ளபடி தெரியும். நிறம் மாறுகிற எல்.இ.டி. பட்டை இந்தச் சுவருக்கு ஆகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதற்கு முன்னால், ராத்திரியில் ஒருவர் ஸ்டூல் மேல் ஏறிக் கைபேசி டார்ச்சைப் பிடிக்க, இன்னொருவர் சோபாவில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும். எந்த இடத்தில் நிழல் நன்றாக விழுகிறதோ அங்கே பென்சிலால் குறி போடுங்கள். மூக்கு நிழல் உதட்டுக்குக் கீழே போகிறது என்றால் விளக்கு மிக நெருக்கம், இரண்டு அங்குலம் தள்ளுங்கள்.

மாடமும் தண்ணீரும்

பலகை வேண்டாம், ஒரு மாடம் போதும் என்பவர்களுக்குச் சுருக்கமாக. ஓடுகிற வயர், தண்ணீர்க் குழாய், தூண், உத்திரம் எதையும் தொடாத இடம் என்று தெரியாமல் சுவரைக் குடையாதீர்கள். நாலரை அங்குலச் சுவரைக் குடையவே வேண்டாம். அதற்குப் பதில் சுவருக்கு முன்னால் 6 அங்குல ஆழத்துக்கு ஜிப்சம் பலகையில் ஒரு பொய்ச்சுவர் எழுப்பி, அதில் மேல்பக்கம் வளைந்த ஒரு மாடம் விடச் சொல்லுங்கள். உள்பக்கம் சுண்ணாம்பும் காவியும். விளக்கை மாடத்தின் மேல் விளிம்புக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள், பல்பு கண்ணில் படக்கூடாது. ஒரே ஒரு பொருள் வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் டாஸுக்காரர்களின் திறமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மேலேயிருந்து சுனைத்தண்ணீர் பாறையில் இறங்குகிற இடத்தில் ஒன்பது நாகங்களைச் செதுக்கி, நடு நாகத்தின் வாய் வழியாக அந்தத் தண்ணீரைக் குழந்தை புத்தரின் தலையில் விழ வைத்திருக்கிறார்கள். சிற்பத்தை அரிக்க வேண்டிய தண்ணீர் அவரைக் குளிப்பாட்டிவிட்டு வாய்க்காலில் போகிறது. முழு ஞானக் குகையிலும் கூரையில் கசிகிற நீரை ஒரு நாகத்தின் வாயில் கொண்டுவந்து, கீழே ஒரு துறவி ஏந்திய பாத்திரத்தில் சத்தமில்லாமல் சொட்ட விட்டு, வடிகாலில் சேர்த்துவிடுகிறார்கள்.

பால்கனியில் ஏ.சி. தண்ணீர் சொட்டுகிற இடம் இருந்தால் அங்கே ஒரு கல் தொட்டியை வைத்துப் பாருங்கள், தனியாக மோட்டார் வாங்குவதற்கு முன்னால். தொட்டியின் விளிம்பில் ஒரு வெட்டு விட்டு, நிறைந்த தண்ணீர் செடிக்குப் போகட்டும். கொசு வரும் என்பதால் நாலு நாளைக்கு ஒருமுறை கவிழ்த்துக் கழுவுங்கள். பலகைக்குப் பக்கத்தில் எந்தத் தண்ணீரும் வேண்டாம்.

எழுத்து

டாஸுவில் சிற்பங்களுக்கு நடுவே லட்சத்துக்கு மேல் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. தாய் ஈரத்தில் படுக்கும் காட்சிக்கும் மாடு மேய்க்கும் காட்சிக்கும் பக்கத்திலேயே பாட்டு இருக்கிறது, பார்க்கிறவன் படித்துக்கொள்ள. நீங்கள் சீன எழுத்தை இணையத்திலிருந்து எடுத்துப் பொறிக்காதீர்கள். ஒரு கோடு பிசகினால் வேறு சொல்லாகிவிடும், வீட்டில் யாருக்கும் படிக்கவும் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரியைத் தமிழில் எழுதுங்கள். நான் மாட்டுக்குக் கீழே அம்மா அடிக்கடி சொல்கிற "கயித்த இறுக்காத, அது தானா வரும்" என்பதை அவரையே எழுதச் சொல்லி, கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்து, அந்தக் கையெழுத்திலேயே வெட்டினேன். புட்டி பாதி காய்ந்திருக்கும்போது ஆணி முனையால் இழுத்தால் சுத்தமாக வரும். முழுதாகக் காய்ந்தபின் வெட்டினால் ஓரம் பொடியும்.

மாட்டிய பிறகு

மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய பெயிண்ட் பிரஷால் மேலிருந்து கீழே தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடாது, வாசனை ஸ்பிரே கூடாது. தங்கம் பூசிய இடத்தில் பிரஷையும் வைக்காதீர்கள், வாயால் ஊதினால் போதும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறை, முடிந்த பிறகு ஒருமுறை பலகையைக் கழற்றிப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இரண்டு நாள் மின்விசிறிக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். மேலே சாய்வுக்கு வைத்த கட்டையில் ஒரு சின்ன ஆணி அடித்து அந்த பிரஷை அங்கேயே தொங்க விட்டிருக்கிறேன், தேட வேண்டியதில்லை.